பாட்டுப் பாடும் கௌபாய்கள்: ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் மவுசு ஏன் இன்னும் குறையவில்லை?

புழுதிப்புயல் · சனி இரவு 9.40

லக்கி லூக் காமிக்ஸ் கதைகள் எப்படி முடியும் என்று இந்தக் குழுவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சூரியன் இறங்கும், குதிரை ஜாலி ஜம்பர் மெல்ல நடக்கும், நம்மாள் 'ஊர் ரொம்பத் தூரம், நானொரு தனிக்கட்டை கௌபாய்' என்று பாடிக்கொண்டே போய்விடுவார். மோரிஸ் 1946-ல் அவரை வரைய ஆரம்பித்தபோது, குதிரைமேல் உட்கார்ந்து பாடுகிற ஆள் ஹாலிவுட்டில் பத்து வருடமாக விலைபோய்க்கொண்டிருந்த சரக்கு. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், கொஞ்ச நாளாக ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் என்ற அந்தப் பாடும் கௌபாய்களின் படங்களில் விழுந்து கிடக்கிறேன்.

படங்கள் சுமார்தான், மறைக்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடும். வில்லன் யார் என்று அவன் மீசையைப் பார்த்தாலே தெரியும். துரத்தல் சூடு பிடிக்கும்போது ஹீரோ கிட்டாரை எடுத்துவிடுவார். ஆனால் 1940-ல் அமெரிக்காவின் வசூல் நட்சத்திரங்கள் வரிசையில் மிக்கி ரூனி, ஸ்பென்சர் டிரேசி, கிளார்க் கேபிள், அவர்களுக்கு அடுத்து நான்காவது இடத்தில் ஜீன் ஆட்ரி! டைரோன் பவர்கூட அவருக்குக் கீழேதான்.

அன்றைக்கு ஓடியது இருக்கட்டும். இன்றைக்கும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறார்கள், அந்தச் சட்டைகளை ஏலம் எடுக்கிறார்கள், பொம்மைப் படத்தில்கூட ஒரு கௌபாய்க்குப் பாட்டுக் கூட்டம் வைக்கிறார்கள். என்ன மாயம் இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கேள்விக்குறி · சனி இரவு 10.05

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. சின்ன வயதில் பார்த்ததைக் கிழவர்கள் விடமாட்டார்கள், அவ்வளவுதான். வெயிலில் மாடு மேய்த்தவன் வெள்ளைத் தொப்பியும் பூப்போட்ட சட்டையும் போட்டு, குரலை உடைத்து மேலும் கீழும் தாவுகிற யோடல் பாடினானா? இஸ்திரி போட்ட பொய். இத்தாலிக்காரர்கள் வந்து அழுக்குக் கோட்டும் மூன்று நாள் தாடியுமாகக் காட்டிய பிறகுதான் வெஸ்டர்னுக்கு உயிர் வந்தது என்பேன்.


கமலா டீச்சர் · சனி இரவு 10.30

சட்டை பொய்தான், பாட்டு பொய் இல்லை தம்பி.

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு டெக்சஸிலிருந்து கான்சஸ் ரயிலடி வரைக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போனார்கள். ராத்திரியில் மந்தை படுத்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் அதைச் சுற்றிக் குதிரையில் மெதுவாக வந்துகொண்டே இருப்பார்கள். அந்த ஆட்கள் சும்மா வரமாட்டார்கள், தாழ்ந்த குரலில் ஏதாவது பாடிக்கொண்டேதான் வருவார்கள். இருட்டில் திடீரென்று ஒரு குதிரை பக்கத்தில் வந்தால் மாடு துள்ளி எழும். ஒன்று எழுந்தால் மந்தையே எழுந்து ஓடும், ஓடுகிற வழியில் ஆள் இருந்தால் ஆள் காலி. 'வருவது நான்தான்' என்று மாட்டுக்குத் தெரிவிப்பதற்கான பாட்டு அது. சர்ச்சில் கற்ற கீர்த்தனை, செத்துப்போன நண்பனைப் பற்றிய ஒப்பாரி, கெட்ட வார்த்தைப் பாட்டு, எதுவானாலும் சரி. வேகமாக மட்டும் இருக்கக் கூடாது.

அந்தப் பாட்டுகளை ஜான் லோமாக்ஸ் தொகுத்து 1910-ல் புத்தகமாகப் போட்டார். அதற்குள் முள்கம்பி வேலியும் ரயிலும் வந்து, நீண்ட தூரம் மந்தை ஓட்டும் காலமே முடிந்துபோயிருந்தது. 1925-ல் கார்ல் ஸ்ப்ரேக் இப்படிப்பட்ட ஒரு பாட்டை இசைத்தட்டில் பாடினார், நன்றாக விற்றது. அதனால் ஹாலிவுட் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டிவிட்டது என்று சொல்ல முடியாது. மாட்டுக்குப் பாடியதை மனிதர்களுக்கு மாற்றிவிட்டார்கள்.


கேள்விக்குறி · சனி இரவு 10.41

மாட்டைத் தூங்க வைத்த பாட்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நானும் அந்தப் படங்களில் அதைத்தான் செய்தேன் டீச்சர் 😄


ரீல்பெட்டி · சனி இரவு 11.50

புழுதியாரே, யாருக்காக எடுத்தார்கள் என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும்.

இவை நியூயார்க், சிகாகோவின் பெரிய அரங்குகளுக்கு எடுத்த படங்கள் இல்லை. பொருளாதார மந்தத்தில் திணறிக்கொண்டிருந்த தெற்கு, மத்திய மேற்குப் பகுதிகளின் சின்ன ஊர்க் கொட்டகைகளுக்கு எடுத்தவை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம், இரண்டாவது படத்துக்குச் சரக்கு வேண்டும். பிலிம் கழுவும் லேப் வைத்திருந்த ஹெர்பர்ட் யேட்ஸ், தன்னிடம் கடன்பட்டிருந்த சிறு கம்பெனிகளைச் சேர்த்து 1935-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் ஆரம்பித்ததே இந்தச் சந்தையைக் குறிவைத்துத்தான்.

ஆட்ரி அந்தச் சந்தைக்குப் புதியவர் இல்லை. ஓக்லஹோமாவில் ஃபிரிஸ்கோ ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்த ஆள். ராத்திரி டூட்டியில் வேலை இல்லாத நேரம் கிட்டாரைத் தட்டிக்கொண்டிருப்பார். 1931-ல் நரைத்த தலை அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு பதிவு செய்தார், பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் சிகாகோ டபிள்யூஎல்எஸ் வானொலியில் சனிக்கிழமை ராத்திரி கிராமிய நிகழ்ச்சி. சியர்ஸ் கடைக் கேட்டலாக்கில் அவர் பெயர் போட்ட மலிவு விலை கிட்டார் தபாலில் கிடைத்தது. படத்தில் நடிக்கும் முன்பே அவர் குரல் வீடுகளுக்குள் போய்விட்டது, அவர் பெயர் போட்ட கிட்டார் கூடத்தில் சாத்தி வைக்கப்பட்டுவிட்டது. வானொலியில் பழகிய மனிதரைக் குதிரைமேல் ஏற்றி ஊருக்குள் அனுப்பியதுதான் சினிமா செய்த வேலை.

இதை அப்பட்டமாகக் காட்டுவது அவர் நடித்த 12 பாகத் தொடர்படமான 'தி ஃபேண்டம் எம்பயர்', 1935. கதையைக் கேளுங்கள். ஆட்ரி ஆட்ரியாகவே வருகிறார், 'ரேடியோ ராஞ்ச்' என்ற பண்ணை வைத்திருக்கிறார். தினமும் மதியம் 2 மணிக்கு அங்கிருந்து நேரடி ஒலிபரப்பில் பாட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தம் போச்சு, பண்ணை போச்சு. பண்ணைக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் முரானியா என்று ஒரு ராஜ்யம்! ராணி, ரோபோட்டுகள், கதிர்வீச்சு ஆயுதங்கள். மேலே ரேடியத்துக்காக அலையும் கொள்ளைக் கூட்டம். ஹீரோவை ராணியின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள், லிஃப்டில் பூமிக்கடியில் இறக்குகிறார்கள், அவர் அடித்துப் பிடித்து மேலே வந்து, மூச்சு வாங்க மைக் முன்னால் நின்று, 2 மணிப் பாட்டைப் பாடுகிறார். உலகம் அழிவது இரண்டாம் பட்சம், ஒலிபரப்பு நேரம் தவறக் கூடாது!

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் படங்கள் எந்தக் காலத்தில் நடக்கின்றன என்று கவனியுங்கள். 1880 இல்லை. கார் வரும், விமானம் வரும், ஃபோன் அடிக்கும், ஹீரோ மட்டும் குதிரையில் வருவார். பார்க்கிறவனின் இன்றைய ஊர் அது. வில்லன் செவ்விந்தியனாக இருப்பது அபூர்வம். நிலத்தை அமுக்கும் பாங்குக்காரன், தண்ணீரை மடக்கும் கம்பெனிக்காரன், காசு வாங்கிய அரசியல்வாதி, இவர்கள்தான். அடகில் பண்ணையை இழந்தவன் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். பழைய மேற்கைப் பற்றிய படம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம், அவனுக்கு அது போன வாரச் செய்தி.


புழுதிப்புயல் · ஞாயிறு காலை 7.15

முரானியாவை நேற்றே முதல் இரண்டு பாகம் பார்த்துவிட்டேன். ரோபோட்டுகளின் தலையில் கௌபாய்த் தொப்பி மாதிரியே தகரத்தில் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதற்கே என் காசு வசூல், இத்தனைக்கும் இலவசமாகத்தான் பார்த்தேன்.


ஆறுகம்பி · ஞாயிறு காலை 8.20

பாட்டைப் பற்றி யாரும் பேசாமல் தியேட்டர், அடகு என்று போய்விட்டீர்களே.

ஆட்ரியின் ஆரம்ப இசைத்தட்டுகளைக் கேளுங்கள், ஜிம்மி ராஜர்ஸ் பாணியை அப்படியே எடுத்திருப்பார். ரயில்வேயில் வேலை பார்த்து, காசநோயோடு பாடி, 1933-ல் இறந்துபோன மனிதர். யோடல் சுவிஸ் மலைக்காரர்களுடையது. அதைக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையோடு கலந்து ஒரு விக்கலாக மாற்றியவர் ஜிம்மி. ஆட்ரி பிறகு தன் பாணியைக் கண்டுபிடித்தார். அது என்ன பாணி? ஒன்றுமே செய்யாத பாணி! பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடுவார். மேல் ஸ்தாயிக்குப் போகமாட்டார், சங்கதி போடமாட்டார். மைக்ரோஃபோன் வந்த பிறகுதான் இப்படிப் பாட முடியும். மேடையில் கத்திப் பாடிய தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை. கேட்கிறவனும் கூடவே பாடலாம், அதுதான் சூட்சுமம்.

இன்னொன்று. 1933-ல் மார்ட்டின் கம்பெனியிடம் அவர் தனக்கென்று ஒரு பெரிய கிட்டார் கேட்டார். உடம்பு முழுக்க ஓரத்தில் சிப்பிப் பதிப்பு, விரல் பலகையில் முத்துச்சிப்பியில் அவர் பெயர். அதுதான் முதல் டி-45. இன்றைக்கு அந்த மாடலின் போருக்கு முந்தைய கிட்டார் ஒன்று கையில் கிடைத்தால் வீடு வாங்கலாம். ரே விட்லி என்ற இன்னொரு பாடும் கௌபாய்க்காக கிப்சன் செய்ததுதான் ஜே-200. குதிரைமேல் இருப்பவன் கையிலும் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று பெரிதாக, பளபளப்பாகச் செய்த வாத்தியங்கள் அவை. கௌபாய்ப் படமே பார்க்காத ராக் பாடகர்கள்கூடப் பிறகு அவற்றைத்தான் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள்.


ரொறன்ரோ ரமணன் · ஞாயிறு காலை 9.05

ஆறுகம்பி அண்ணை, 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' பற்றிச் சொல்லாமல் விடலாமோ? ராய் ராஜர்ஸ் நடிகனாகிறதுக்கு முதல் அந்தக் குழுவில் இருந்தவர். மூன்று பேராகத் தொடங்கினவை: ராய், டிம் ஸ்பென்சர், பொப் நோலன். நோலன் எங்கட ஆள் எண்டு இங்கே பெருமையாகச் சொல்லுவினம், வினிப்பெக்கில் பிறந்தவர்.

உருண்டோடும் முட்செடியைப் பற்றியும், பாலைவனத்தில் தண்ணீர் தேடுகிறதைப் பற்றியும் அவர் எழுதின இரண்டு பாட்டும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று: முதல் பாட்டை அவர் முதலில் எழுதினது உதிர்ந்த இலையைப் பற்றி. லொஸ் ஏஞ்சலிஸில் கோல்ஃப் மைதானத்தில் பந்துப் பை தூக்கிக்கொண்டு இருந்த காலம் அது. பிறகுதான் இலை முட்செடியானது. அந்தச் செடியும் அமெரிக்காவின் செடி இல்லை. 1870-களில் ரஷ்யாவிலிருந்து வந்த ஆளிவிதையோடு களையாகக் கலந்து டக்கோட்டாவில் இறங்கினது. கனடாக்காரன், ரஷ்யச் செடி, சுவிஸ் யோடல்! மேற்கு எண்டு நாங்கள் நினைக்கிற சாமான் முழுக்க வந்தேறிகள்தான்.

நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த வில்ஃப் கார்ட்டரும் அமெரிக்க வானொலியில் 'மொன்டானா ஸ்லிம்' எண்டு பேர் வைத்துக்கொண்டு பாடினவர்.


ஆறுகம்பி · ஞாயிறு காலை 9.30

ரமணன், பயனியர்ஸை மறக்கவில்லை, உங்களுக்காக விட்டுவைத்தேன் :) மூன்று குரலும் ஒரே மூச்சில் யோடலுக்குத் தாவும் இடம் இருக்கிறதே, அதை நானும் நண்பர்களும் முயன்று பார்த்து, பக்கத்து வீட்டு நாய் சேர்ந்துகொண்டதும் நிறுத்திவிட்டோம். அப்புறம், அந்த மினுமினுப்புச் சட்டைகளையும் உங்கள் வந்தேறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராய் ராஜர்ஸ் முதல் எல்லோருக்கும் தைத்துக்கொடுத்த நூடி கோன், கீவில் பிறந்தவர்.


மதுரைக்காரன் · ஞாயிறு காலை 10.10

குடிக்கமாட்டார், முதலில் சுடமாட்டார், பெரியவர்களை மதிப்பார், ஏழைக்காகப் பாடுவார், குதிரையில் வருவார். இதெல்லாம் நமக்குத் தெரிந்த ஒருவர் மாதிரி இல்லை?


ரீல்பெட்டி · ஞாயிறு காலை 10.25

மதுரையார் வந்தால் வாத்தியார் வராமல் இருப்பாரா! ஒற்றுமை மேலோட்டமானது. நம் ஊரில் ஹீரோ ஏன் பாடுகிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஹாலிவுட்டில் கேட்பார்கள். அதனால்தான் ஆட்ரியைப் பாட்டுக்காரராகவே, ஆட்ரி என்ற பெயரிலேயே படத்தில் வைத்தார்கள். வானொலி ஒப்பந்தம், ரோடியோ மேடை, தேர்தல் கூட்டம், ஏதோ ஒரு சாக்கு வேண்டும். குரலும் சொந்தக் குரலாக இருக்க வேண்டும்.

சொந்தக் குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் வேய்ன் உதாரணம். 1933-ல் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி'யில் சிங்கிங் சாண்டி என்று ஒரு பாத்திரம். துப்பாக்கியோடு தெருவில் எதிரியை நோக்கி நடந்துகொண்டே பாடுவார், இரவல் குரலில். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் வாய் மட்டும் அசையும். பார்த்தால் பாவமாக இருக்கும். அவர் அந்த வழியை விட்டதில் உலகத்துக்கு நஷ்டமில்லை.

வாத்தியார் பேச்சு இத்தோடு போதும், இல்லாவிட்டால் இழை திரும்பி வராது.


மட்டுறுத்துநர் · ஞாயிறு காலை 10.32

ரீல்பெட்டியின் கடைசி வரியை வழிமொழிகிறேன். தலைப்போடு இருங்கள்.


கேள்விக்குறி · ஞாயிறு மதியம் 1.15

எல்லாம் சரி, ஒரு விஷயத்தை அழகாகத் தாண்டிப் போகிறீர்கள். டீச்சர் சொன்ன அந்த மந்தை ஓட்டிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மெக்சிகோக்காரர்களும் கணிசம். லாசோ, ரோடியோ, ராஞ்ச், வார்த்தைகூட அவர்களுடையதுதான். இரவில் சுற்றி வந்து பாடியவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள். படத்தில் எங்கே? வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகம். மெக்சிகோக்காரன் வந்தால் தூங்குமூஞ்சியாக வருவான், கறுப்பர் வந்தால் சமையற்காரர். இதைப் போய் நேர்மையின் இலக்கணம் என்று கொண்டாடுவது எப்படி?


கமலா டீச்சர் · ஞாயிறு மதியம் 2.40

நியாயமான கேள்வி. தாண்டிப் போக வேண்டியதில்லை, அந்தக் காலத்திலேயே இதைக் கேட்ட ஒருவர் இருந்தார்.

ஹெர்ப் ஜெஃப்ரிஸ், டெட்ராய்ட்காரர், ஜாஸ் பாடகர். தெற்கே சுற்றுப்பயணம் போனபோது, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய கொட்டகைகளில் கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைக் கௌபாய்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். நமக்கென்று ஒரு கௌபாய் ஏன் கூடாது என்று தோன்றியது. 1937-ல் 'ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி' வந்தது, கறுப்பு நடிகர்களை வைத்து எடுத்த முதல் பாட்டு வெஸ்டர்ன். 1939-ல் 'தி பிரான்ஸ் பக்கரூ'. கலிஃபோர்னியாவில் விக்டர்வில் பக்கத்தில் மர்ரே என்ற கறுப்புத் தம்பதி நடத்திய விருந்தினர் பண்ணையில் படம்பிடித்தார்கள். பணம் இல்லாத படம் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும். ஒலி கரகரக்கும். ஆனால் அவர் குதிரையில் உட்கார்ந்து தொண்டையைத் திறந்தால், ஆட்ரி, ராய் இருவரையும்விட நல்ல குரல். எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த சில வருடங்களில் டியூக் எலிங்டன் குழுவோடு பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார். 2014-ல் நூறு வயதில்தான் இறந்தார்.

பிள்ளைகள் ஏன் அந்தப் பிம்பத்தை விரும்பினார்கள் என்பதற்கு ஜெஃப்ரிஸைவிட நல்ல சாட்சி இல்லை. தங்களை ஒதுக்கிய பிம்பமாக இருந்தும் அந்தப் பிள்ளைகள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, தங்கள் முகத்தோடு வேண்டும் என்றார்கள். 2019-ல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பு இளைஞர் குதிரை, தொப்பி, பாட்டு என்று வந்து 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்ததற்கும் 2024-ல் பாடகி பியான்சே குதிரைமேல் ஏறி ஆல்பத்தின் அட்டைப்படத்துக்கு நின்றதற்கும் முன்னோடி இந்தப் பண்ணைதான்.


கேள்விக்குறி · ஞாயிறு மதியம் 2.58

ஜெஃப்ரிஸ் புதுத் தகவல். படத்தைத் தேடிப் பார்க்கிறேன். ஆனால் ஒரு ஜெஃப்ரிஸை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான படங்களுக்கு வெள்ளையடிக்க முடியாது டீச்சர்.


கமலா டீச்சர் · ஞாயிறு மதியம் 3.10

அடிக்கவில்லை தம்பி. இரண்டும் உண்மை என்கிறேன்.


புழுதிப்புயல் · ஞாயிறு மாலை 5.20

மெக்சிகோ பற்றிக் கேள்விக்குறி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். அவர்கள் ஹாலிவுட் தரும் என்று காத்திருக்கவில்லை. 1936-ல் 'அய்யா என் எல் ரஞ்சோ கிராந்தே' என்று ஒரு படம், பாடும் சார்ரோ (மெக்சிகோவின் குதிரைவீரன்) ஹீரோவாக டீட்டோ கிசார். வெனிஸ் விழாவில் ஒளிப்பதிவாளர் காப்ரியேல் ஃபிகுவெரோவாவுக்குப் பரிசே கிடைத்தது. அதிலிருந்து பண்ணைப் பாட்டுப் படங்கள் ஒரு பெரிய ஆறாகவே ஓடின: ஹோர்ஹே நெக்ரேத்தே, பெட்ரோ இன்ஃபான்தே. ஹாலிவுட்டில் பாடும் கௌபாய் ஓய்ந்த பிறகும் அங்கே சார்ரோ உடையில் பாடுகிறவர் ஓயவில்லை. அந்த டீட்டோ கிசாரே 1947-ல் ராய் ராஜர்ஸ் படத்தில் வந்து பாடினார்.

ரீல்பெட்டி சார், ராய் ராஜர்ஸ் எப்படி உள்ளே வந்தார்? ஆட்ரியைக் கழற்றிவிட்டார்கள் என்று ஓர் இடத்தில் படித்தேன்.


ரீல்பெட்டி · ஞாயிறு இரவு 8.45

கழற்றிவிடவில்லை, அவரே கோபித்துக்கொண்டு போனார். ரிபப்ளிக் கம்பெனி கொட்டகைக்காரர்களிடம் 'ஆட்ரி படம் வேண்டுமென்றால் எங்கள் மற்ற படங்களையும் சேர்த்து எடு' என்று கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தது. சம்பளமும் தகராறு. 1938-ல் ஆட்ரி படப்பிடிப்புக்கு வராமல் நின்றார்.

யேட்ஸுக்குக் கையில் ஒரு மாற்று ஆள் தயாராக இருந்தார். லெனர்ட் ஸ்லை, ஒஹையோக்காரர். அப்பாவோடு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கலிஃபோர்னியாவுக்கு வந்து பீச் பழம் பறித்தவர். புதுப் பாட்டுக்காரர் தேடுகிறார்கள் என்று ஒரு தொப்பிக் கடையில் காதில் விழுந்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடினாராம், வாசலில் விடவில்லை, சாப்பிட்டுத் திரும்பும் கூட்டத்தோடு கலந்து உள்ளே புகுந்தாராம். அவருக்கு ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்து, ஆட்ரிக்காக வைத்திருந்த படத்தைக் கொடுத்தார்கள்: 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'.

அந்தப் படத்தை அவசியம் பாருங்கள். புழுதிப் புயலில் நிலம் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர்க் கம்பெனி காசு கேட்கிறது. ராய் தேர்தலில் நின்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி வாஷிங்டன் போகிறார். அங்கே பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்து, தூசி மூடிய பண்ணைகளைத் திரையில் ஓட்டிக் காட்டி, கூடவே ஒரு பாட்டுப் பாடுகிறார். சண்டை இல்லை, சிரிப்பு இல்லை. சுவர் வரைக்கும் மணல் ஏறிய வீடு, செத்த மாடு, குனிந்து உட்கார்ந்திருக்கும் விவசாயி. அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. நமக்கு இன்று அது அப்பாவித்தனமாகத் தெரியலாம். 1938-ல் ஓக்லஹோமாவில் அதைப் பார்த்தவனின் சட்டைக் காலரில் அந்தத் தூசி இருந்தது.

அப்புறம் ஆட்ரி சமாதானமாகித் திரும்பி வந்தார். 1942-ல் தன் வானொலி நிகழ்ச்சியிலேயே ராணுவத்தில் சேர்ந்தார். இமயமலைக்கு மேலே இந்தியா, பர்மா, சீனா என்று சரக்கு விமானங்கள் பறந்த அந்த ஆபத்தான பாதையிலும் ஓட்டியிருக்கிறார். அவர் இல்லாத இடைவெளியில் ரிபப்ளிக் ராயை உச்சியில் ஏற்றிவிட்டது. ட்ரிக்கர் என்ற பொன்னிறக் குதிரை, டேல் எவன்ஸ் என்ற கதாநாயகி. 1947 கடைசி நாளில் டேலைக் கல்யாணமும் செய்துகொண்டார். பிறகு வந்த அவர்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முடிவில் இருவரும் சேர்ந்து பாடும் விடைபெறும் பாட்டு டேல் எழுதியது.


ரொறன்ரோ ரமணன் · ஞாயிறு இரவு 9.10

ட்ரிக்கர் செத்த பிறகு தோலைப் பதப்படுத்தி நிற்க வைத்தினம், அது 2010-ல் நியூயோர்க் ஏலத்தில் இரண்டரை லட்சம் டொலருக்கு மேலே போனது. சின்னப் பிள்ளைகளின் படம் எண்டு சிரிக்கிறவை இந்தக் கணக்கையும் பார்க்க வேணும்.


கேள்விக்குறி · ஞாயிறு இரவு 9.22

செத்த குதிரைக்கு இரண்டரை லட்சம். நான் முதலில் சொன்ன கிழவர்கள் வாதத்துக்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா ரமணன்?


ஆறுகம்பி · ஞாயிறு இரவு 10.00

கிழவர்கள் ஏலம் எடுப்பார்கள், சரி. ஆனால் டிசம்பரில் உலகம் முழுக்கக் கடைத்தெருவில் ஒலிக்கிற சிவப்பு மூக்கு மான் பாட்டு இருக்கிறதே, அது 1949-ல் ஆட்ரி பாடியது. முதலில் அவருக்கே பிடிக்கவில்லை, மனைவி ஐனா சொல்லித்தான் பதிவு செய்தார். கேட்கிற பிள்ளைக்கு ஜீன் ஆட்ரி யார் என்றே தெரியாது. நினைவு ஏக்கம் என்றால் நினைவு இருக்க வேண்டுமே. நான் சொன்ன அந்தக் குரல்தான் காரணம்: ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது.

இன்னொரு கோணம். ஹீரோ பாடுவது எப்போது நின்றது? தொலைக்காட்சி வந்து ஒரு மணி நேரப் படங்களின் சந்தையை விழுங்கிவிட்டது. ஆட்ரி 1950-லும் ராய் 1951-லும் தாங்களே அங்கே போய்விட்டார்கள். திரையில் 1952-ல் 'ஹை நூன்' வருகிறது. அதில் கேரி கூப்பர் பாடவில்லை. வியர்த்துக்கொண்டு தெருவில் நடக்கிறார், டெக்ஸ் ரிட்டர் பின்னணியில் பாடுகிறார். ரிட்டர் யார்? அவரே முன்னாள் பாடும் கௌபாய், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, லோமாக்ஸ் போன்றவர்களிடம் நாட்டுப்பாடல் ஆர்வம் பிடித்தவர். பாட்டு அப்படியே இருக்கிறது, ஹீரோவின் வாயிலிருந்து மட்டும் பிடுங்கிக் காற்றில் விட்டுவிட்டார்கள். கேள்விக்குறி கொண்டாடுகிற இத்தாலியப் படங்களில் விசிலும் கோரஸும் இல்லாமல் அந்தத் தாடிக்காரன் பாதி ஆள்தான்! அவன் வாயைத் திறக்கமாட்டான், அவனுக்காக ஓர் இசைக்குழுவே பாடும்.


ரீல்பெட்டி · ஞாயிறு இரவு 10.20

ஆறுகம்பி, பிரமாதம். இதோடு 1959 'ரியோ பிராவோ'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறைக்கூடத்தில் டீன் மார்ட்டின் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துக்கொண்டு பாடுகிறார், ரிக்கி நெல்சன் கிட்டாரோடு சேர்ந்துகொள்கிறார், கிழவர் வால்டர் பிரென்னன் மவுத் ஆர்கன். வெளியே கொலைகாரர்கள் காத்திருக்கிறார்கள். கதைக்கு அந்தப் பாட்டால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, ஆனால் படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் இடம் அதுதான். ஜான் வேய்ன் பாடவில்லை, காப்பிக் குவளையோடு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டு கேட்கிறார். சிங்கிங் சாண்டியைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இரண்டு மடங்கு இனிக்கும்.


கேள்விக்குறி · ஞாயிறு இரவு 10.31

விசில் பாயிண்ட் சரி. அதற்கு மேல் ஒன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.


புழுதிப்புயல் · திங்கள் காலை 6.50

ராத்திரி இவ்வளவு நடந்திருக்கிறதா! இனிமேல் பார்க்க ஒரு பட்டியல் போடுங்கள் ரீல்பெட்டி சார். முரானியாவின் 12 பாகமும் பார்க்கத்தான் வேண்டுமா?


ரீல்பெட்டி · திங்கள் காலை 7.30

வேண்டாம், முதல் மூன்றும் கடைசியும் போதும், நடுவில் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'. அப்புறம் 'பிரான்ஸ் பக்கரூ', கேள்விக்குறியும் அதைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், இருவரும் எழுதுங்கள். ராய் ராஜர்ஸின் நாற்பதுகளின் படங்களில் தொலைக்காட்சிக்காக வெட்டிச் சுருக்கிய பிரதிகள் நிறைய உலவுகின்றன. அவற்றில் முதலில் வெட்டியது பாட்டைத்தான், ஓடும் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.


கேள்விக்குறி · திங்கள் காலை 7.44

பாட்டில்லாத பிரதி கிடைக்குமா? லிங்க் கொடுங்கள் சார் 😄


மட்டுறுத்துநர் · திங்கள் காலை 7.50

லிங்க் தனிமடலில். இங்கே போட்டால் நீக்குவேன்.